பெரியப்பாவின் பழைய கம்ப்யூட்டர் கண் மூடுவதற்குள் கோப்புகளை வெளியே எடுப்பது எப்படி

பெரியம்மாவிடமிருந்து காலை நேரத்தில் போன் வந்தால் யாருக்காவது கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், இல்லையென்றால் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றிருக்கும். அன்றைக்கு வந்த போன் அது இரண்டும் இல்லை. "கம்ப்யூட்டர் உள்ள டிக்கு டிக்குனு ஏதோ சத்தம் வருதுப்பா. விண்டோஸ் படம் வந்து அப்படியே நிக்குது. உங்க பெரியப்பா காலையிலேர்ந்து நாலு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டாரு."

"அஞ்சாவது தடவ போட வேணாம்னு சொல்லுங்க பெரியம்மா. பிளக்கையே புடுங்கிடச் சொல்லுங்க" என்றேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு போன் வந்து, அதனால்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில் எத்தனை மணி நேர ஓட்டம் மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மிச்சத்தை விண்டோஸ் திறப்பதற்கும், ஆன்டிவைரஸ் சோதனைக்கும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே" என்பதற்கும் செலவழித்துவிட்டால் கோப்புகளை எடுக்க ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டரைச் சரிசெய்வது ஒரு வேலை, கோப்பை எடுப்பது வேறு வேலை. இரண்டாவதை முதலில் செய்யுங்கள். முதலாவதைச் செய்யாமலே விட்டாலும் குடி முழுகிப் போகாது.

போனிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஊருக்குப் பஸ் ஏறும் முன், கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரரிடம் நிதானமாகப் பேசுங்கள். "எல்லாம் வேணும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாமல், "ஒரே ஒண்ணுதான் எடுக்க முடியும்னா எது வேணும்?" என்று கேளுங்கள். என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அக்காவின் கல்யாண போட்டோக்களைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது, குலதெய்வக் கோயில் வரலாறும் எங்கள் வம்சத்தின் கொடிவழியும் இருக்கிற ஒரு வேர்டு கோப்பு. ஏழெட்டு வருஷம் ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடம் கேட்டு அடித்தது, வேறு எங்கும் பிரதி இல்லை. போட்டோவாவது சம்பந்தி வீட்டில் கேட்டால் கிடைக்கும்.

அடுத்து, எங்கே சேமிப்பார் என்று கேளுங்கள். "டெஸ்க்டாப்பிலதான்" என்றால் அது சி டிரைவுக்குள், அவர் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கும். நம் ஊரில் அசெம்பிள் செய்து கொடுக்கும் கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுத்து, "முக்கியமானதை டி-யில போடுங்க சார், சி-யை நாங்க ஃபார்மேட் அடிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் அதைக் கடைசிவரை கடைப்பிடிப்பார்கள், சிலர் மறுநாளே மறந்திருப்பார்கள். விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தால் கவலை வேண்டாம், டிஸ்க்கை வெளியே எடுத்துப் படிக்கும்போது அது குறுக்கே வராது. ஆனால் இயந்திரம் அவ்வளவு பழசில்லை, விண்டோஸ் 10 அல்லது 11 போட்ட லேப்டாப் என்றால் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கும், எனவே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைத் தேடி வைக்கச் சொல்லுங்கள்.

செத்தது எது?

"கம்ப்யூட்டர் போச்சு" என்று வருகிற புகார்களில் பல டிஸ்க்கைத் தொடாதவை. டிஸ்க் நன்றாக இருந்து மற்றது ஏதாவது போயிருந்தால் உங்களுக்கு அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) போயிருக்கலாம். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது என்றால் பாதிக்குப் பாதி ராம் தான், கழற்றித் தங்க நிறப் பட்டைகளை அழிரப்பரால் லேசாகத் துடைத்து மாட்டினால் எழுந்து உட்காரும். ரிப்பேர் கடைகளில் வாடிக்கையாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடுகிறது, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற தொடக்க நிரல் ஏதோ கேட்டு நிற்கிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. இரண்டு மூன்று டீக்காசில் வாங்கலாம். அது தீர்ந்தால் எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அமைப்பும் மறந்துபோகும், அதனால் நல்ல டிஸ்க்கே செத்த மாதிரி தெரியும். கேபினட்டைத் திறந்து பார்த்தால் மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றால் போர்டுக்கு வயசாகிவிட்டது.

டிஸ்க் சாகிற அடையாளம் வேறு. விண்டோஸ் தொடங்கவே கால் மணி நேரம், ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் எல்லாம் உறைந்துபோவது, கோப்பைக் காப்பி செய்தால் பாதியில் பிழை, நீலத் திரை, கூடவே டிக் டிக். நடுநடுவே எப்போதாவது ஒரு டிக் என்றால் படிக்க முடியாத இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், இன்னும் நேரம் இருக்கிறது. போட்ட உடனே சீராக டக், டக், டக் என்று அடித்துவிட்டு நின்றுபோனால், அல்லது சுற்றாமல் மெல்லிய பீப் போல முனகினால், உள்ளே படிக்கும் தலையோ மோட்டாரோ போய்விட்டது. அதை நீங்களும் நானும் தொடக்கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்

முதலில், பழைய டிஸ்க்கின் முழுக் கொள்ளளவைவிடப் பெரிய வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. 320 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்று பெரிய பென் டிரைவை எடுத்துப் போகாதீர்கள், முழுப் படி எடுக்க நேர்ந்தால் காலி இடமும் சேர்ந்தே வரும். அதை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்து வையுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பையும் ஏற்றுக்கொள்ளாது, கல்யாண வீடியோவில் போய் முட்டி நிற்கும்.

இரண்டாவது, சாட்டாவை (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை) யூஎஸ்பியாக மாற்றும் அடாப்டர். டெஸ்க்டாப் டிஸ்க் 3.5 அங்குலம், அதற்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி 5 வோல்ட்தான் தரும், எனவே தனி மின் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு அது தேவையில்லை. இயந்திரம் மிகப் பழசாக இருந்து, டிஸ்க்கிலிருந்து அகலமான பட்டை ஒயர் போகிறது என்றால் அது ஐடிஇ, 40 முள் கொண்டது. சாட்டா, ஐடிஇ இரண்டையும் ஏற்கும் அடாப்டர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். நான் சாட்டா மட்டும் உள்ளதை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போய், நல்ல வேளையாக அது சாட்டாவாக இருந்ததால் தப்பித்தேன்.

மூன்றாவது, லினக்ஸ் மின்ட் போட்ட ஒரு பென் டிரைவ். விண்டோஸிலேயே ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் இதைத் தயார் செய்துகொள்ளலாம். உங்கள் லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டாம், பென் டிரைவிலிருந்தே ஓடும். லினக்ஸ் தெரியாதே என்று பயப்பட வேண்டியதில்லை, இங்கே நமக்கு வேண்டியது ஃபோல்டரைத் திறப்பதும் இழுத்துப் போடுவதும்தான்.

பிறகு ஸ்க்ரூடிரைவர், டார்ச், பெயின்ட் பிரஷ், மூக்கில் கட்டத் துண்டு. பத்து வருஷம் திறக்காத கேபினட்டுக்குள் தூசி, எறும்புக் கூடு, பல்லி முட்டை எல்லாம் இருக்கும். அன்றைக்கு ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை வரை கரண்ட் நிறுத்தம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நலிந்த டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தால் திரும்ப எழுந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பக்கத்து வீட்டு யூபிஎஸ்ஸைக் கடன் வாங்கினாலும் தப்பில்லை.

டிஸ்க்கைக் கழற்றுவது

பழைய கம்ப்யூட்டரிலேயே பென் டிரைவைச் செருகிக் காப்பி எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதன் எஸ்எம்பிஎஸ், ராம், போர்டு எதையும் நம்ப முடியாது, யூஎஸ்பி 2.0 வேகத்தில் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி வந்தாலே அதிகம். டிஸ்க்கைக் கழற்றி உங்கள் லேப்டாப்பில் மாட்டுவதுதான் சரி.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் எதையும் தொடும் முன் போனில் இரண்டு போட்டோ எடுங்கள், எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பிறகு தேட வேண்டாம். கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு டிஸ்க்கைத் தொடுங்கள். இரண்டு ஒயர்கள்தான், ஒன்று மின்சாரம், ஒன்று தகவல், இரண்டையும் நேராக இழுக்க வேண்டும், ஆட்டி ஆட்டி இழுத்தால் பிளாஸ்டிக் நாக்கு உடையும். டிஸ்க்கின் ஓரங்களைப் பிடியுங்கள், அடியில் தெரியும் பச்சை போர்டைத் தொடாதீர்கள், மேசையில் மெதுவாக வையுங்கள். ஐடிஇ டிஸ்க் என்றால் பின்பக்கம் ஜம்பர் என்ற சின்னத் தொப்பி இருக்கும், அது மாஸ்டர் நிலையில் இருக்கிறதா என்று டிஸ்க்கின் மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

மாட்டியதும் வரும் இரண்டு பொறிகள்

விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினால் இரண்டில் ஒன்று கேட்கும். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒன்று. "இதில் சிக்கல் இருக்கிறது, சோதித்துச் சரிசெய்யவா?" என்று இன்னொன்று. இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். முதலாவது ஏன் ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதுதான் நல்லவன் மாதிரி வரும். அது ஓட்டுவது செக்டிஸ்க் என்ற கருவி. அதன் வேலை டிரைவை ஒழுங்காக்குவது, உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அதன் கவலை இல்லை. படிக்க முடியாத இடத்தில் ஒரு ஃபோல்டரின் பதிவு இருந்தால் அதை அறுத்துவிட்டு, உள்ளே இருந்ததை எண் போட்ட துண்டுகளாக ஒரு தனி ஃபோல்டரில் தள்ளிவிடும். என் மாமாவின் லேப்டாப்பில் சில வருஷம் முன்பு இதை நானே ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் டிஸ்க் "சரியாகி" இருந்தது, ஆனால் பெயரே இல்லாத ஆயிரக்கணக்கான துண்டுகள். அத்தை இன்னும் அந்தப் பாப்பா போட்டோக்களைக் கேட்கிறார்.

அதனால்தான் லினக்ஸ் பென் டிரைவ். லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, தொடங்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி அதிலிருந்து தொடங்குங்கள். மின்ட் திரை வந்ததும் கோப்பு மேலாளரின் விருப்பங்களுக்குள் போய், செருகியதும் தானாகத் திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பழைய டிஸ்க்கை மாட்டுங்கள்.

இப்போது காது கொடுத்துக் கேளுங்கள். வழுவழுவென்று சுற்றும் சத்தம் என்றால் நல்லது. டிஸ்க்ஸ் என்ற நிரலைத் திறந்தால் இடப்பக்கம் டிஸ்க்கின் மாடல் பெயர், கொள்ளளவு எல்லாம் தெரியும். அதிலேயே ஸ்மார்ட் என்ற ஆரோக்கிய அறிக்கை இருக்கும். விண்டோஸில் இதையே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். பட்டியல் நீளமாக இருக்கும், நீங்கள் பார்க்க வேண்டியது நான்கே எண்கள். 5 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பில் இருக்கும் செக்டர்கள், 198 கடைசிவரை படிக்க முடியாதவை. 199 ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் ஒயர்தான் காரணம். 5, 197, 198 மூன்றும் பூஜ்யம் என்றால் நேராகக் காப்பி எடுக்கலாம். 197-இல் எண் இருந்தால் கீழே சொல்லும் இரண்டாவது வழிக்குப் போங்கள். மலிவான அடாப்டர்கள் சில இந்த எண்களைக் காட்டவே காட்டாது, அப்போது நடத்தையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டிஸ்க் நன்றாக இருந்தால்

திறந்து இழுத்துப் போட வேண்டியதுதான். வரிசை முக்கியம்: பெரியப்பா சொன்ன அந்த ஒரு கோப்பு முதலில், அதை வெளி டிஸ்க்கிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டுவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி என்றால் சி டிரைவில் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், அதற்குப் பிந்தையது என்றால் யூசர்ஸ். அதற்குள் அவர் பெயரில் உள்ள ஃபோல்டரை முழுசாக எடுத்துவிடுங்கள், பொறுக்கி எடுக்க உட்காராதீர்கள். விண்டோஸில் இந்த ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று முறைக்கும், லினக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரும் (எக்ஸ்பியில் அப்ளிகேஷன் டேட்டா) உள்ளேயே இருப்பதால், பிரௌசரில் சேமித்த முகவரிகள், பழைய மின்னஞ்சல் எல்லாம் அதோடு வந்துவிடும். எக்ஸ்பி காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்தியவராக இருந்தால் வருஷக்கணக்கான கடிதங்கள் அங்கேதான் கிடக்கும். நோக்கியா பிசி சூட்டில் எடுத்து வைத்த பழைய போனின் தொலைபேசி எண்கள்கூடக் கிடைக்கலாம்.

பிறகு டி, இ டிரைவுகள். நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2, நியூ ஃபோல்டர் 3, பேக்கப், ஓல்டு, ஓல்டு பேக்கப் என்று போகும். எதையும் அலட்சியம் செய்யாதீர்கள். கடைக்காரர் முன்பு ஃபார்மேட் அடித்தபோது பழைய டெஸ்க்டாப்பை அள்ளி "ஓல்டு" என்று போட்டிருப்பார், மிகப் பழைய போட்டோக்கள் அங்கேதான் கிடைக்கும். கடை வைத்திருந்தவர் என்றால் டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரைத் தேடுங்கள், 10000, 10001 என்று எண் பெயரில் உள்ள ஃபோல்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனிக் கணக்கு. அந்த எண் ஃபோல்டர்களை முழுதாக எடுக்க வேண்டும், உள்ளே சிலவற்றை மட்டும் எடுத்தால் பயனில்லை.

ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தால் அது பழைய பென் டிரைவ் வைரஸின் வேலை. கோப்புகள் அழியவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, லினக்ஸில் பார்த்தால் ஷார்ட்கட்டுக்குப் பக்கத்திலேயே அசல் ஃபோல்டரும் நிற்கும். அசலை எடுங்கள், ஷார்ட்கட்டையும் இஎக்ஸ்இ கோப்புகளையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதையும் எடுங்கள். தமிழ் அடித்தவரின் கம்ப்யூட்டர் என்றால் இது கட்டாயம், ஏன் என்று பின்னால் வருகிறது.

டிஸ்க் திணறினால்

இங்கே இழுத்துப் போடும் வேலை ஆகாது. கெட்ட இடத்தில் முட்டினால் கோப்பு மேலாளர் அங்கேயே நின்று மல்லுக்கட்டும், டிஸ்க்கும் சேர்ந்து தேயும். செய்ய வேண்டியது, கோப்புகளைப் பற்றிக் கவலைப்படாமல் டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை ஒரே பெரிய படக்கோப்பாகப் படி எடுப்பது. அதற்கான கருவி குனு டிடிரெஸ்க்யூ, இலவசம். மின்டின் மென்பொருள் பட்டியலில் இதன் பெயருக்கு முன்னால் ஒரு ஜி சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். நிறுவியபின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) கூப்பிடும்போது அந்த ஜி வேண்டாம். இந்த ஒரு எழுத்தில் நான் அரை மணி நேரம் தொலைத்திருக்கிறேன்.

இதன் புத்திசாலித்தனம் வரிசையில் இருக்கிறது. சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் ஓடி ஓடி எடுத்துவிடும், திணறும் இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப்போகும். எல்லாம் முடிந்தபிறகே திரும்பி வந்து குறித்து வைத்த இடங்களின் ஓரங்களைச் சுரண்டும். எங்கெங்கே படித்தாயிற்று, எங்கே மிச்சம் என்பதை வரைபடக் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் டிஸ்க் சூடாகி நீங்களே நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பைக் கொடுக்காமல் ஓட்டினால் இந்த வசதி போய்விடும்.

கட்டளையில் மூன்று விஷயங்களை இதே வரிசையில் கொடுக்க வேண்டும்: படிக்க வேண்டிய டிஸ்க், எழுத வேண்டிய படக்கோப்பு, வரைபடக் கோப்பு. முதல் சுற்றில், ஒரு சின்னக் கோடு போட்டு ஆங்கிலச் சின்ன 'என்' எழுத்தைச் சேருங்கள், சுரண்டும் வேலையை அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். அது முடிந்ததும் அதே மூன்றையும் கொடுத்து, கோட்டுக்குப் பின்னால் அந்த 'என்' எழுத்துக்குப் பதிலாகச் சின்ன 'ஆர்' எழுத்தும் பக்கத்தில் 3 என்ற எண்ணும் போட்டால், மிச்ச இடங்களை மூன்று முறை முயன்று பார்க்கும். படிக்கும் டிஸ்க்கையும் எழுதும் டிஸ்க்கையும் மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போயிற்று, எனவே என்டர் தட்டும் முன் மாடல் பெயரையும் கொள்ளளவையும் டிஸ்க்ஸ் நிரலில் இன்னொரு முறை பாருங்கள். நான் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி வாசித்துக் காட்டச் சொல்வேன். அன்றைக்கு அந்த ஆள் பெரியம்மா.

நேரம் ஆகும். நல்ல டிஸ்க்கே 500 ஜிபியை நொடிக்கு 30 எம்பி வேகத்தில் படித்தால் நாலரை மணி நேரத்துக்கு மேல். திணறும் டிஸ்க் ஒரு ராத்திரியும் எடுக்கலாம், இரண்டு நாளும் எடுக்கலாம். டிஸ்க்கைத் தட்டையாக வைத்து ஒரு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி விடுங்கள், தொட்டால் சுடுகிற அளவுக்குப் போக விடாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் டிஸ்க் பிழைக்கும் என்று யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும், இருந்த உயிரும் போகும்.

பெரியப்பாவின் 320 ஜிபியில் ராத்திரி 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் 11 எம்பி தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்த 11 எம்பிக்காகச் சாயங்காலம் வரை முயலலாமா என்று கேட்டேன். "போதும்டா, அதுக்கும் எனக்கும் வயசாயிடுச்சு, விடு" என்றார்.

படக்கோப்பு கைக்கு வந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், அதன் வேலை முடிந்தது. மின்டில் படக்கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினால் எழுத முடியாத, படிக்க மட்டும் முடிகிற டிரைவாகத் திறக்கும், மேலே சொன்ன வரிசையில் கோப்புகளை எடுக்கலாம். திறக்கவே இல்லை என்றால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று இரண்டு இலவசக் கருவிகள் இருக்கின்றன. முதலாவது அழிந்த பிரிவுகளைத் தேடித் தரும், இரண்டாவது கோப்பின் உள்ளடக்க அடையாளத்தை வைத்துப் படங்களைப் பொறுக்கி எடுக்கும், பெயரும் ஃபோல்டரும் இருக்காது. இவற்றைப் படக்கோப்பின் மேல்தான் ஓட்ட வேண்டும், அசல் டிஸ்க்கின் மேல் ஓட்டக்கூடாது.

டக் டக் என்று அடித்தால்

நிறுத்திவிடுங்கள். டிஸ்க்கைத் திறக்காதீர்கள், உள்ளே தலைக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைவிட ஒரு தூசி பெரிது. அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டலாம் என்பது பழைய வித்தை. இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் இருப்பதால் சும்மா மாற்றினால் வேலை செய்யாது. தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு, கோப்பு வராவிட்டால் காசு உண்டா, முன்பே யாராவது திறந்திருந்தால் என்ன என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு பெரும்பாலும் கம்ப்யூட்டரின் விலையைத் தாண்டும், அதனால் அந்த ஒரே கோப்பு என்ன என்று முதலிலேயே கேட்டுவைத்தது இங்கே உதவும்.

கோப்பு வந்துவிட்டது, எழுத்து வரவில்லை

கொடிவழிக் கோப்பை என் லேப்டாப்பில் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. பெரியப்பா முகம் வாடிவிட்டது. கோப்பு கெடவில்லை, அது பாமினி.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு என்ற பொதுக் குறியீடு பரவும் முன், தமிழ் ஃபான்ட் என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிய வேஷம். பாமினியில் "தமிழ்" என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்கு உடனே புரியும், யளனக வரிசையில் த எந்த விசையில் இருக்கிறதோ அங்கே ஜே. பாமினி மட்டும் இல்லை. வானவில் அவ்வையார், ஸ்ரீலிபி, டிஸ்கி, 1999-இல் வந்த டாம், டாப் என்று ஆளாளுக்கு ஒரு ஏற்பாடு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பைதான் தெரியும்.

எனவே ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் கொண்டுவந்தீர்கள் அல்லவா, அதில் தமிழ் ஃபான்ட் எல்லாவற்றையும் உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். வேர்டு கோப்பைத் திறந்து, குப்பையாகத் தெரியும் வரியில் கர்சரை வைத்தால் மேலே ஃபான்ட் பெயர் தெரியும், அதுதான் துப்பு. ஃபான்ட் சேர்ந்ததும் தமிழ் தெரியும். அங்கேயே நிற்காமல் ஒரு பிரதியை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போனில் படிக்கவும் முடியாது, தேடவும் முடியாது. என்எச்எம் கன்வெர்ட்டர், இணையத்தில் உள்ள பொங்குதமிழ் மாற்றி இரண்டும் பெரும்பாலான குறியீடுகளைத் தெரிந்துவைத்திருக்கின்றன. ஒரு தொல்லை: நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றி வைக்கும். எங்கள் கொடிவழியில் சிங்கப்பூர் போன சின்னத் தாத்தாவின் முகவரி முழுவதும் வாயில் நுழையாத தமிழாகிவிட்டது, பெரியப்பாவே உட்கார்ந்து திருத்தினார்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகள் இருந்தால் அவசரம் அதிகம். கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். பின்னால் வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் அதைத் திறக்கும், இப்போதைய பதிப்பு திறக்காது. பழைய டிடிபி கடை ஏதாவது ஒன்றில் இன்னும் பேஜ்மேக்கர் ஓடும், பெட்டிக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் கோப்பையும் ஃபான்ட்டையும் சேர்த்துக் கொடுத்துப் பிடிஎஃப் ஆக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும் முன்

காப்பி ஆனதை நம்பிவிடாதீர்கள், திறந்து பாருங்கள். போட்டோக்களின் சின்ன உருவம் அழகாகத் தெரிந்தும் பெரிதாக்கினால் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாக இருக்கலாம், ஏனென்றால் பல கேமராப் படங்களுக்குள் சின்ன உருவம் தனியாகவே பொதிந்திருக்கும். நான் ஃபோல்டருக்குப் பத்து படமாவது முழுத் திரையில் பார்ப்பேன். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். முக்கியமான வேர்டு கோப்பைக் கடைசிப் பக்கம் வரை உருட்டுங்கள். அவரையே பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. எது குறைகிறது என்று அவருக்குத்தான் தெரியும், தவிர அது அவருடைய பெட்டி, அவர் இல்லாமல் நாம் குடைவது மரியாதை இல்லை.

அலமாரியில் கிடக்கும் சிடிக்களையும் கேளுங்கள். 2005 வாக்கில் எழுதிய சிடிக்களில் பல இப்போதே படிக்க மறுக்கின்றன, படிக்கிறவற்றை அதே நாளில் எடுத்துவிடுங்கள்.

ஒரு பிரதி அவரிடம், ஒரு பிரதி உங்களிடம், போட்டோக்கள் மட்டும் வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கும் ஒன்று. பழைய டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அதில் பேங்க் பாஸ்புக் ஸ்கேனும் பட்டாவும் இருக்கும். ஆறு மாதம் கழித்து "அந்த இன்னொரு ஃபோல்டர் எங்கடா?" என்று போன் வரும்போதும் அது தேவைப்படும். எங்களுடையதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி ஒட்டி, பெரியம்மா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்.